கேளாமல் வந்த கொசுறு

கத்தரிக்காய் அரைக் கிலோ வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கீரை இரண்டு கட்டு வாங்கினால் நாலு பச்சை மிளகாய். இந்தக் கொசுறு இல்லாமல் கறிகாய்க்காரியின் கூடையை விட்டு நகர்ந்த குடும்ப ஸ்திரீ யாராவது உண்டா? நான் நகர்ந்ததில்லை. பத்திரிகைக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்க்கிறவள், காலேஜில் படித்தவள் என்ற ஜம்பமெல்லாம் கறிகாய்க் கூடைக்கு முன்னால் நிற்காது.

ஆனால் ஒன்று. கொசுறு என்பது நாம் கேட்டு வாங்குவது. கேளாமலே ஒருவன் நம் பைக்குள் எதையாவது போட்டால் உடனே பையைக் கவிழ்த்துப் பார்த்து விட வேண்டும். கறிவேப்பிலைக்குள் கம்பளிப் பூச்சி இருந்தாலும் இருக்கும்! அப்படிக் கேளாமல் வந்த கொசுறு ஒன்று, தொண்டூரில் ஒரு பெண் குழந்தையின் படிப்பையே தின்னப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். குற்றவாளி யார் என்று தெரிய வரும்போது என்னைக் கோபித்துக் கொள்ளாதீர்கள். அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

* * *

2025 ஜூன் மாத ஆரம்பம். காலை ஆறு மணிக்கு டெலிபோன் அலறியது. பேசியது தொண்டூர் அத்தை.

"நீ உடனே பொறப்பட்டு வா. இங்கே வீடு வீடா இல்லே."

"யாருக்கு என்ன, அத்தை? உடம்பு கிடம்பு..."

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கம்ப்யூட்டர்தான் வெனை. குட்டி கெட்டுப் போயிட்டாளாம். அவங்க அப்பன் சொல்றான். படிச்சது போதும்னுட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டி என்பது அத்தையின் பேத்தி. என் அத்தானின் மகள். பிளஸ் டூ பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கியவள். இஞ்சினீயரிங் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஒரு காலத்தில் இஞ்சினீயரிங் கவுன்சலிங் என்றால் தகப்பனாரும் பெண்ணுமாகச் சென்னைக்கு வந்து, அண்ணா பல்கலைக் கழகத்து வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். 2018 முதல் அது ஆன்லைனுக்குப் போய் விட்டது. விண்ணப்பம் அனுப்புவது, காலேஜைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் வீட்டிலிருந்தே. சௌகரியம்தான். ஆனால் அந்தச் சௌகரியத்துக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமே! விண்ணப்பம் அனுப்பக் கடைசித் தேதிக்கு இன்னும் ஐந்தே நாள். இந்தச் சமயம் பார்த்துக் 'கெட்டுப் போயிட்டாளாம்' என்றால் என்ன அர்த்தம்?

அன்றைக்கே புறப்பட்டேன்.

திண்டிவனம் தாண்டிச் செஞ்சிப் பக்கம் பஸ் திரும்பியதுமே ஊரின் முகம் மாறி விடும். ராட்சசக் குழந்தை ஒன்று உருண்டைக் கற்களைக் குவித்து விளையாடி விட்டு அப்படியே போட்டு விட்டுப் போனாற் போல் மலைகள். அவற்றின் மேலே ராஜா கோட்டை, ராணி கோட்டை. நான் போய் வந்த அடுத்த மாதமே, 2025 ஜூலையில், யுனெஸ்கோக்காரர்கள் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கினார்கள்.

தொண்டூரும் லேசுப்பட்ட ஊர் அல்ல. குன்றில் சமண முனிவர்கள் சயனித்த கற்படுக்கைகள், பழைய தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டோடு இருக்கின்றன. இன்னொரு பாறையில் பள்ளி கொண்ட பெருமாள், பல்லவர் காலத்திலிருந்து நிம்மதியாகப் படுத்திருக்கிறார். ஆக, ஊரே சயனத்துக்குப் பேர் போனது. அத்தை வீட்டில் மட்டும் அன்று ஒருவர் கண்ணிலும் தூக்கம் இல்லை.

* * *

அத்தான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வாம்மா" என்றார், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக் கொண்டு காப்பி கொண்டு வந்தாள். குட்டி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். மடிக் கணினி எங்கே என்று கேட்டேன். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அத்தான் இடுப்பில் செருகிக் கொண்டிருந்தார்!

அது குட்டியின் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது சர்க்காரிலிருந்து கிடைத்த மடிக் கணினி. 2011 செப்டம்பரில் ஆரம்பித்த அந்தத் திட்டத்தின் புண்ணியத்தில், தமிழ் நாட்டில் லட்சக் கணக்கான வீடுகளுக்குள் முதன் முதலாகக் கம்ப்யூட்டர் என்ற வஸ்து நுழைந்தது. அண்ணன் வேலைக்குப் போன பிறகு அது தங்கைக்கு வந்தது.

"நீ படிச்சவ. நீயே பாரு, எம் பொண்ணு பாக்கற லட்சணத்தே" என்று சொல்லி அத்தான் பீரோவைத் திறந்தார்.

பார்த்தேன். மெஷின் உயிர் பெற்ற இரண்டு நிமிஷத்துக்குள், திரையின் வலது கோடியில் ஒரு சதுரம் முளைத்தது. அதில் அரைகுறை ஆடையுடன் ஒரு பெண் படம். 'உங்கள் ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கிறாள்' என்ற பாவனையில் ஒரு வாசகம். அதை மூடினால், 'ரம்மி ஆடிப் பணம் சம்பாதியுங்கள்'. அதையும் மூடினால், 'உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ். உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்' என்று ஒரு சிவப்பு எச்சரிக்கை. இஞ்சினீயரிங் விண்ணப்பத்தைத் தேடினால், யாரோ ஊர் பேர் தெரியாத ஏஜெண்டுகளின் பக்கங்கள் வந்து நின்றன.

"நாம எதைத் தேடறமோ அதைத்தான் இன்டர்நெட்டு காட்டுமாம். செஞ்சியிலே கடைக்காரன் சொன்னான். அப்போ இவ எதைத் தேடியிருக்கா? சொல்லு!" என்றார் அத்தான்.

"நான் ஒண்ணுமே பாக்கலே, சித்தி" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அழுது அழுது கம்மிப் போன குரல்.

வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கும் சந்தேகம் தட்டியது. வயசுப் பெண், வீட்டில் யாரும் இல்லாத நேரம், யார் கண்டார்கள்? அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் நான் வருத்தப்படுகிறேன்.

* * *

அத்தானுடைய வாதத்தில் பாதி உண்மை இருந்தது. அதுதான் ஆபத்து. நீங்கள் பட்டுப் புடைவை பற்றித் தேடினால், நாலு நாளைக்குப் போகிற இடமெல்லாம் பட்டுப் புடைவை விளம்பரம் துரத்தி வரும். வாஸ்தவம். ஆனால் இது அந்த ஜாதி விளம்பரம் அல்ல. கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியேறி உட்கார்ந்து கொண்டு, வீட்டுக்காரர் யார், என்ன பார்க்கிறார் என்று லட்சியமே செய்யாமல், தனக்குக் காசு கொடுக்கிறவனுடைய சரக்கைக் காட்டிக் கொண்டேயிருக்கிற ஒட்டுண்ணி இது. இதற்கு ஆட்வேர் என்று பெயர். யோக்கியமான வியாபாரிகள் இதன் பக்கம் வருவதில்லை. ஆகையால் சூதாட்டமும் ஆபாசமும்தான் இதன் கடையில் முன்னால் தொங்கும். எண்பது வயதுப் பாட்டி ராம நாமம் தட்டச்சு செய்தாலும் அதே படத்தைத்தான் காட்டும்!

'உன் பத்திரிகையிலும்தான் விளம்பரம் வருகிறதே, அம்மா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதில் வருவது, விளம்பரம் என்று சொல்லிக் கொண்டு வருகிற விளம்பரம். பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டி விட்டுத் தொடர்கதைக்குப் போய் விடலாம். தலை வலித் தைல விளம்பரம் உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்ப்பதில்லை. ஆட்வேரோ நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள் என்று குறித்துக் கொள்ளும். தேடுகிற இடத்தை மாற்றும். மூடினால் மறுபடி முளைக்கும்.

இது தொண்டூருக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்காதீர்கள். 2017 ஜூன் மாதத்தில், செக் பாயிண்ட் என்ற இஸ்ரேல் நாட்டுக் கம்பெனி, 'ஃபயர்பால்' என்ற ஆட்வேரைப் பற்றி அபாய மணி அடித்தது. பீஜிங் நகரத்து விளம்பரக் கம்பெனி ஒன்று விட்ட பாணம் அது. இலவசமாகக் கிடைக்கிற சின்னச் சின்னச் சாஃப்ட்வேர்களுக்குள் ஒளிந்து கொண்டு வந்து, பிரௌஸரின் முதல் பக்கத்தையும் தேடும் பக்கத்தையும் மாற்றி விடும். உலகத்தில் 25 கோடி கம்ப்யூட்டர்களில் அது புகுந்து விட்டது என்றும், எல்லா நாட்டையும் விட இந்தியாவில்தான் அதிகம், இரண்டரைக் கோடிக்கு மேல் என்றும் அந்தக் கம்பெனி கணக்குச் சொல்லிற்று. அந்தக் கணக்கு மிகை என்று மைக்ரோஸாஃப்ட் சில வாரங்களில் மறுத்தது. எண்ணிக்கையில் தகராறு இருக்கலாம். அபாயத்தில் தகராறு இல்லை. வேண்டும்போது வேறு எந்த விஷத்தையும் கம்ப்யூட்டருக்குள் இறக்குகிற சக்தி அதற்கு இருந்தது.

இன்னொரு கதை இதை விட வேடிக்கை. 2014, 2015 வாக்கில் லெனோவோ கம்பெனியின் சில மடிக் கணினிகள், கடையிலிருந்து வரும்போதே 'சூப்பர்ஃபிஷ்' என்ற ஆட்வேரை வயிற்றில் சுமந்து கொண்டு வந்தன. பாங்கு முதலிய இடங்களுக்குப் போகும்போது திரையில் ஒரு பூட்டுச் சின்னம் தெரியுமல்லவா? அந்தப் பூட்டைக் கழற்றி விட்டு, நடுவே தன் பூட்டை மாட்டியது சூப்பர்ஃபிஷ். அத்தனை மெஷினுக்கும் ஒரே சாவி! 2015 பிப்ரவரியில் ஒரு நிபுணர் அந்தச் சாவியைக் கண்டு பிடித்து ஊரறியச் செய்து விட்டார். அப்புறம் கம்பெனியே அதை நீக்கும் கருவியைக் கொடுத்தது. 2017ல் அமெரிக்க சர்க்காரின் வியாபாரக் கமிஷனோடு ராஜிக்கும் வந்தது.

இவ்வளவையும் அத்தானுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் முகத்தில் பாறை கொஞ்சம் இளகியது. ஆனாலும், "சரி, அப்படியே இருக்கட்டும். எதையும் தொடாம தானா வூட்டுக்குள்ளே வந்துடுமா? யாரோ ஒருத்தர் கதவைத் தொறந்திருக்கணுமே?" என்றார்.

பார்த்தீர்களா, விவசாயியின் மூளையை! நேரே வேரில் போய் நின்றது.

"கேளுங்கள், அத்தான். யார் திறந்தார்கள் என்று மெஷினையே கேட்டு விடுவோம்" என்று பெருமிதத்தோடு சொல்லி விட்டு, குட்டியைக் கூப்பிட்டு மெஷின் முன்னால் உட்கார்த்தி வைத்தேன்.

* * *

விண்டோஸில் அமைப்புகளுக்குள் போனால், எந்தெந்தச் சாஃப்ட்வேர் மெஷினில் இருக்கிறது என்ற ஜாபிதா கிடைக்கும். அதைப் பெயர் வரிசையில் பார்க்காமல், வந்து சேர்ந்த தேதி வரிசையில் பார்க்க வேண்டும். திருடர்கள் தனியாக வருவதில்லை. ஒரே ராத்திரியில் கூட்டமாக வருகிறார்கள். ஆகவே தேதியைப் பிடித்தால் கூட்டத்தையே பிடித்து விடலாம்.

குட்டி ஜாபிதாவைத் திறந்தாள். அத்தான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு குனிந்தார். ஒரு பி.டி.எஃப். மாற்றி, அதற்குக் கீழே பேர் வாயில் நுழையாத ஒரு 'தேடல் உதவி', ஒரு 'கூப்பன்' ஆசாமி, கம்ப்யூட்டரை வேகமாக ஓட்டுகிறேன் என்று வாக்களிக்கிற மற்றோர் ஆசாமி. நாலு பேரும் ஒரே நாளில் வந்திருந்தார்கள்.

"ஜனவரி பதினாறு" என்று படித்தார் அத்தான். "காணும் பொங்கலு. அன்னிக்கு இவ மலைக்குப் போயிருந்தாளே, அவங்க அம்மாவோட..."

எனக்கு உள்ளங்கால் ஜில்லிட்டது.

காணும் பொங்கல்! வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். வீட்டில் தனியாக இருந்தது ஒரே ஒரு ஆத்மா. அந்த ஆத்மாவுக்குக் காரியாலயத்திலிருந்து அவசரச் செய்தி. ஒரு கட்டுரையை பி.டி.எஃப். ஆக்கி அரை மணிக்குள் அனுப்ப வேண்டும். குட்டியின் மடிக் கணினியைத் திறந்தது. இலவச மாற்றி ஒன்றைத் தேடியது. பெரிதாகப் பச்சையாக 'டவுன்லோட்' என்று மின்னிய பொத்தானை அமுக்கியது. 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று படிக்காமலே தட்டியது. கட்டுரையை அனுப்பி விட்டுக் கரும்பு கடிக்கப் போய் விட்டது.

அந்த ஆத்மா நான்தான், வாசகிகளே!

தொண்டைக்குள் என்னவோ அடைத்தது. சொல்லாமல் இருந்து விடலாமா என்று ஒரு நினைப்பு வந்ததையும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். 'இலவசச் சாஃப்ட்வேரில் ஒட்டிக் கொண்டு வந்தது' என்று பொதுவாகச் சொல்லி முடித்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தக் குழந்தை என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அத்தான், கதவைத் திறந்தது குட்டி இல்லை. நான்" என்றேன்.

விஷயத்தைச் சொல்லி முடிக்கிற வரையில் அவர் பேசவில்லை. அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"படிச்ச நீயே ஏமாந்தா, அது புள்ளெ. அதுக்கு என்னா தெரியும்?" என்றார். பிறகு எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு தட்டு நிறைய அவித்த மல்லாட்டை. அதைக் குட்டிக்குப் பக்கத்தில் வைத்து விட்டு, பீரோச் சாவியையும் அதன் அருகே வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் பேசப்படவில்லை. பேசியிருந்தாலும் அந்தச் சாவியை விடப் பெரிதாக இருந்திருக்காது.

* * *

இனிமேல் ரண சிகிச்சை. நான் சொல்லச் சொல்லக் குட்டியே செய்தாள். உங்கள் வீட்டிலும் உபயோகப்படும் என்பதற்காக வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, திரையில் தெரிகிற நம்பருக்குப் போன் செய்யவே கூடாது. 'வைரஸ்' என்று அலறுகிற அந்தச் சிவப்புப் பலகையே ஒரு விளம்பரம்தான். போன் செய்தால் எதிர்ப்புறம் இருக்கிற மகானுபாவர், மெஷினைத் தூரத்திலிருந்தே திறக்கச் சொல்லி, பாங்குக் கணக்கு வரையில் போய் விடுவார். ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்கென்றே சர்க்கார் வைத்திருக்கும் நம்பர் அது.

இரண்டாவது, வலது கோடியில் முளைக்கிற சதுரங்கள். இவை பெரும்பாலும் நோட்டிபிகேஷன், அதாவது ஏதோ ஒரு பக்கத்துக்கு நாமே கொடுத்த அனுமதி. 'நீங்கள் யந்திரம் அல்ல, மனிதர்தான் என்று நிரூபிக்க அலௌ என்பதை அமுக்குங்கள்' என்று கேட்கும். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! மனிதர் என்று நிரூபிக்க ஆசைப்பட்டு அமுக்கி விடுகிறோம். ஆட்வேர் கொண்டு போய் விட்ட ஒரு பக்கத்தில் குட்டி அப்படித்தான் அமுக்கியிருந்தாள். பிரௌஸரின் அமைப்புகளில் தளங்களுக்கான அனுமதிகளைத் திறந்து, நோட்டிபிகேஷன் ஜாபிதாவில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கினோம். ஆபாசப் படம் அந்த நிமிஷமே நின்றது. அக்கா பெருமூச்சு விட்டாள்.

மூன்றாவது, எக்ஸ்டென்ஷன் எனப்படும் ஒட்டுச் சாமான்கள். பிரௌஸரில் தனி ஜாபிதாவாக இருக்கும். நாம் வைத்ததாக ஞாபகம் இல்லாத ஒவ்வொன்றையும் நீக்கி விட வேண்டும்.

நாலாவது, ஜனவரி 16 அன்று வந்த நாலு பேரையும் மெஷினிலிருந்து வெளியேற்றினோம். போகும்போது ஒருவன், 'நிச்சயமாகத்தானா? இருந்து விடட்டுமா?' என்று பொத்தான்களை மாற்றி மாற்றிக் காட்டிக் கெஞ்சினான். நிதானமாகப் படித்து அமுக்க வேண்டும்.

ஐந்தாவது, துடைப்பம். விண்டோஸோடு கூடவே வருகிற டிஃபெண்டர் என்ற காவல்காரனை முழுச் சோதனை போடச் சொன்னோம். பிறகு மால்வேர்பைட்ஸ் கம்பெனியின் இலவசமான ஆட்வ்கிளீனரை, அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுத்து ஓட்டினோம். ஆட்வேருக்கென்றே பிறந்த துடைப்பம் அது. இரண்டையும் ஓட்டி முடித்து மெஷினை அணைத்துத் திரும்பத் திறக்க வேண்டும். நம் சர்க்காரும் 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் என்று ஒன்று ஆரம்பித்து, சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகக் கொடுத்து வருகிறது.

ஆறாவது, பிரௌஸரை 'ரீஸெட்' செய்வது. முதல் பக்கமும் தேடும் பக்கமும் பழைய நிலைக்கு வந்து விடும். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் போகாது, பயப்பட வேண்டாம்.

ஏழாவது, பாஸ்வேர்டுகளை மாற்றுவது. அதை மட்டும் அந்த மெஷினில் செய்யாமல் என் செல்போனில் செய்தோம்.

செஞ்சிக் கடைக்காரர், மெஷினை 'ஃபார்மட்' செய்து அடியோடு அழித்தால்தான் சரியாகும் என்று சொல்லியிருந்தாராம். அது கடைசி வைத்தியம். எதற்கும் மசியாத நோய்க்குத்தான். அதற்கு முன் போட்டோக்களையும் சர்டிபிகேட்டுகளையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திக் கொள்ள வேண்டும்.

ராத்திரி எட்டரை மணிக்கு, சுத்தமான திரையில், விண்ணப்பத்துக்கு உரிய அசல் பக்கத்தைக் குட்டி திறந்தாள். விலாசத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தானே தட்டினாள்; தேடவில்லை. மார்க்கு, சர்டிபிகேட்டு எல்லாம் ஏற்றினாள். 'அனுப்பு' என்ற இடத்துக்கு வந்ததும் கையை எடுத்து விட்டு, "அப்பா, நீங்க அமுக்குங்க" என்றாள்.

அத்தான் வேட்டியில் கையைத் துடைத்துக் கொண்டு, பத்தாயத்துச் சாவியைத் திருப்புகிற ஜாக்கிரதையோடு, ஒரு விரலால் அமுக்கினார்.

* * *

மறு நாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, தூரத்தில் தெரிந்த செஞ்சி மலைகளைப் பார்த்துக் கொண்டே யோசித்தேன். அந்தக் கோட்டையைப் பிடிக்க மொகலாயப் படை 1690ல் முற்றுகை போட்டு, 1698ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. எட்டு வருஷம்! அதே கோட்டையை 1750ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்து விட்டார். சுவர் அதே சுவர்தான், காவல்தான் வேறு. நம் கம்ப்யூட்டருக்கும் மதில் உண்டு, காவலும் உண்டு. ஆனால் 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று நாமே திட்டிவாசலைத் திறந்து விட்டால் மதில் என்ன செய்யும்?

அதனால் நான் கற்றுக் கொண்ட சில பாடங்கள்:

எந்தச் சாஃப்ட்வேரையும் அதைச் செய்தவருடைய சொந்த இடத்திலிருந்தே எடுங்கள். தேடினால் முதலில் வருவது அசல் என்று அர்த்தமில்லை. பல சமயம் அது காசு கொடுத்து முன்னால் நிற்கிற விளம்பரம். பக்கத்திலேயே பெரிய எழுத்தில் மின்னுகிற பச்சைப் பொத்தானை விட, ஓரமாக அடக்கமாக இருக்கிற பொத்தான்தான் பெரும்பாலும் உத்தமம்.

மெஷினில் ஏற்றும்போது 'கஸ்டம்' என்று ஒரு வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அங்கேதான் கொசுறுகள் தெரியும். டிக் அடித்து வைத்திருக்கிற ஒவ்வொரு கட்டத்தையும் படித்து, வேண்டாததை எடுத்து விடுங்கள். சிறு ஆசாமிகள் மட்டுமல்ல, பெரிய கம்பெனிகளும் இப்படிச் செய்ததுண்டு. ஜாவா என்ற சாஃப்ட்வேரோடு 'ஆஸ்க்' என்ற தேடல் பட்டையை ஆரக்கிள் கம்பெனி பல வருஷம் சேர்த்தே கொடுத்து வந்தது. இலவசமாகக் கொடுக்கிறவனுக்கு, ஒவ்வொரு கொசுறு ஏறும்போதும் எங்கிருந்தோ சில்லறை விழுகிறது. சூட்சுமம் அவ்வளவுதான்.

புதுப் படம், விலை உயர்ந்த சாஃப்ட்வேர் ஆகியவற்றின் திருட்டுப் பிரதிகள் பக்கமே போகாதீர்கள். திருட்டு மாம்பழத்துக்குள் வண்டு இருந்தால் யாரிடம் முறையிடுவது?

பல காரியங்களுக்குப் புதிதாக எதையும் ஏற்றவே வேண்டாம். பி.டி.எஃப். ஆக்குகிற வசதி விண்டோஸிலேயே இருக்கிறது; அச்சடிக்கிற இடத்தில் பிரிண்டருக்குப் பதிலாக அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இது எனக்குப் பொங்கலன்று தெரிந்திருந்தால்! தமிழில் தட்டச்சு செய்யவும் விண்டோஸிலேயே தமிழ் விசைப் பலகைகள் உள்ளே இருக்கின்றன.

விளம்பரத் தடுப்பான் ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு, இரண்டும் இலவசம். போலிப் பச்சைப் பொத்தான்களில் அநேகம் கண்ணுக்கே தெரியாமல் போய் விடும். விண்டோஸ் பாதுகாப்பில், 'வேண்டாத செயலிகளைத் தடு' என்ற ஏற்பாடு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோஸாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்து விட்டது. ஆகையால் பழைய மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு இரட்டை ஜாக்கிரதை வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது கம்ப்யூட்டரைப் பற்றியது அல்ல. உங்கள் வீட்டுத் திரையில் கூடாத படம் ஏதாவது முளைத்தால், குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கோபிப்பதற்கு முன்னால், ஜாபிதாவில் தேதியைப் பாருங்கள். அந்த நாளில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று யோசியுங்கள். பல வீடுகளில் அது குழந்தையாக இருக்காது. சமையல் குறிப்புத் தேடின அம்மாவாக இருக்கலாம். ரெயில் டிக்கெட் தேடின அப்பாவாக இருக்கலாம். ஊரிலிருந்து வந்த, காலேஜில் படித்த, பத்திரிகைச் சித்தியாகவும் இருக்கலாம்.

குட்டிக்கு அந்த வருஷமே இடம் கிடைத்து, இப்போது ஹாஸ்டலில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் பாடம்தான் எடுத்திருக்கிறாள். சென்ற முறை நான் தொண்டூர் போனபோது, ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், உன் மடிக் கணினியைக் கொஞ்சம் கொடு என்று கேட்டேன்.

"கொடுக்கிறேன், சித்தி. ஆனா எதையும் டவுன்லோட் பண்ணக் கூடாது" என்றாள்.

அத்தான் திண்ணையிலிருந்து சிரித்தார். ஊருக்குப் புறப்படும்போது அத்தை என் பையில் ஒரு படி மல்லாட்டையைக் கொட்டினாள். அதன் மேல் அத்தான் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார்.

கேளாமல் வந்த கொசுறுதான். ஆனாலும் பையைக் கவிழ்த்துப் பார்க்காமல் அப்படியே வாங்கிக் கொண்டேன்.